முதல் சரக்கு ஐஸ்தான்: வீட்டிலேயே காக்டெய்ல் கலந்து ரசிப்பது எப்படி?

வீட்டில் நாலு பேர் கூடும்போது காக்டெய்ல் கலந்து கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் பாட்டில்களைத்தான் வாங்கிக் குவிக்கிறார்கள். நீல நிறத்தில் ஒரு லிக்கர், சிவப்பாக ஒரு சிரப், டின்னில் அடைத்த பழச்சாறு, காகிதக் குடை. எல்லாவற்றையும் ஊற்றிக் கலந்தால் திகட்டத் திகட்ட, வெதுவெதுப்பாக ஏதோ ஒன்று வருகிறது. இவ்வளவு மெனக்கெட வேண்டியதே இல்லை. உலகின் சிறந்த காக்டெய்ல்கள் பலவற்றுக்கு மூன்று பொருள் போதும், சிலவற்றுக்கு இரண்டே போதும். கலக்க ஐந்து நிமிடம் ஆகாது.

ஆனால் அந்த இரண்டு மூன்று பொருள்களோடு இன்னொன்றும் எப்போதும் சேர்கிறது. அதுதான் தண்ணீர். கண்ணாடிக் கோப்பையில் தனியாகத் தெரியாது, செய்முறையிலும் பெரும்பாலும் எழுதியிருக்காது. அது எவ்வளவு சேர்கிறது, எவ்வளவு குளிர்ச்சியோடு சேர்கிறது என்று கவனிக்கப் பழகிவிட்டால் கலப்பதும் எளிது, ரசிப்பதும் எளிது.

ஒரே ஆண்டில் இரண்டு செய்திகள்

நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரிலிருந்து வந்த ஒரு பத்திரிகை, காக்டெய்ல் என்றால் என்ன என்று கேட்ட வாசகருக்கு 1806 மே மாதம் பதில் எழுதியது. ஏதாவது ஒரு மதுவகை, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் எனப்படும் கசப்புச் சாறு. இந்த நான்கும் சேர்ந்ததுதான் காக்டெய்ல் என்றது அந்தப் பதில். அச்சில் வந்த முதல் விளக்கம் என்று அதைத்தான் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்தப் பட்டியலில் தண்ணீருக்கும் சம இடம் இருக்கிறது.

அதே 1806இல் பாஸ்டன் வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த குளத்துப் பனிக்கட்டியை வெட்டிக் கப்பலில் ஏற்றி, கரீபியன் கடலில் இருக்கும் மார்ட்டினிக் தீவுக்கு அனுப்பினார். அந்த வியாபாரம் 1833இல் கல்கத்தாவை எட்டியது. அடுத்து சென்னைக்கும் வந்தது. மெரினாவுக்கு எதிரே இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் கட்டடம், அந்த அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுப்பிய கிடங்கு. சுற்றியுள்ள பகுதியை இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறோம். ஐஸ் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் அமெரிக்க மதுக்கடைகளில் காக்டெய்லின் போக்கே மாறியது. தனியாக ஊற்றிய தண்ணீரின் வேலையை, உருகும் ஐஸ் ஏற்றுக்கொண்டது.

ஐஸை அள்ளிப் போடுங்கள்

“ஐஸ் நிறையப் போட்டால் தண்ணியாகிவிடும்” என்று இரண்டே இரண்டு கட்டி போடுகிறவர்கள் நம்மிடையே அதிகம். நடப்பது இதற்கு நேர்மாறு. ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 334 ஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. அதே ஒரு கிராம் தண்ணீரை 80 டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம் அது. அதாவது பானத்தைக் குளிரவைப்பது, ஐஸ் சில்லென்று இருப்பது மட்டுமல்ல, அது உருகுவதும்தான். குளிர்ச்சியும் தண்ணீரும் சேர்ந்தேதான் வரும். இரண்டு கட்டி மட்டும் போட்டால் அவை முழுதாக உருகிய பிறகும் பானம் குளிர்ந்திருக்காது. தண்ணீர் சேர்ந்ததுதான் மிச்சம். டம்ளர் நிறைய ஐஸ் இருந்தால் பானம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதற்குப் பிறகு ஐஸ் மெதுவாகத்தான் கரையும்.

அடுத்தது ஐஸின் மணம். நம் வீட்டு ஃபிரிட்ஜில் இட்லி மாவு, மல்லிகைப்பூ, நேற்றைய மீன் குழம்பு எல்லாம் ஒன்றாக இருக்கும். திறந்த தட்டில் ஒரு வாரம் கிடந்த ஐஸ் இவை எல்லாவற்றின் வாசனையையும் வாங்கி வைத்திருக்கும். ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டுப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். முந்தின நாள் இரவு நல்ல குடிநீரை மூடி போட்ட டப்பாவில் ஊற்றி உறையவையுங்கள். சிறிய எவர்சில்வர் கிண்ணங்களில் உறையவைத்தால் பெரிய கட்டிகள் கிடைக்கும். பெரிய கட்டிக்கு அதன் எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு குறைவு, அதனால் மெதுவாக உருகும்.

பாரில் பார்ப்பதுபோல் கண்ணாடியாகத் தெரியும் ஐஸ் வேண்டுமென்றால், வெப்பம் புகாத சிறிய ஐஸ் பெட்டியில் தண்ணீர் ஊற்றி, மூடியைக் கழற்றிவிட்டு ஃபிரீசரில் வையுங்கள். மேலிருந்து கீழாக மட்டுமே உறைவதால் காற்றுக்குமிழிகள் அடியில் ஒதுங்கிவிடும். அடிப்பகுதி முழுக்க உறைவதற்கு முன் வெளியே எடுத்து, தெளிந்த மேல்பகுதியை வெட்டிக்கொள்ளலாம். வந்தவர்களை அசத்த இதைவிடச் செலவு குறைந்த வழி கிடையாது.

கருவிகள் என்று பெரிதாக எதுவும் வேண்டாம். ஒருபக்கம் 30, மறுபக்கம் 60 மில்லி பிடிக்கும் பெக் மெஷர், அதற்குக் குறைவானதை அளக்க மருந்து பாட்டிலோடு வரும் சிறு மூடி, இறுக்கமான திருகுமூடி உள்ள அகன்ற வாய் எவர்சில்வர் பாட்டில், டீ வடிகட்டி, நீளமான ஸ்பூன். கண்ணளவில் ஊற்றுவதை மட்டும் விட்டுவிடுங்கள். 5 மில்லி கூடினாலும் குறைந்தாலும் நாக்கில் தெரியும். கோப்பைகளைக் கால் மணி நேரம் முன்பே ஃபிரீசரில் வைத்துவிடுங்கள்.

தொடக்கம்: ஹைபால்

விஸ்கியும் சோடாவும் மட்டும்தான். இதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் ஜப்பானியர்கள். உயரமான டம்ளரை ஐஸால் நிரப்பி, 45 மில்லி விஸ்கி ஊற்றி, டம்ளர் வேர்க்கும்வரை கலக்குங்கள். பிறகு ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்த சோடாவை மூன்று அல்லது நான்கு பங்கு, ஐஸின் மேல் படாமல் ஓரமாக ஊற்றுங்கள். ஸ்பூனை அடிவரை விட்டு ஒரே ஒருமுறை மேலே தூக்கினால் கலந்துவிடும். சோடா குளிர்ந்திருக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த நீரில்தான் வாயு கரைந்து நிற்கும், வெதுவெதுப்பான சோடா ஐஸில் பட்டதும் பொங்கி அடங்கிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது மணம். விஸ்கியை வெறுமனே முகர்ந்தால் ஆல்கஹாலின் காரம் மூக்கில் முதலில் ஏறும். தண்ணீர் சேர்ந்ததும் அது அடங்கி, தானியமும் தேனும் புகையும் தனித்தனியாகத் தெரியவரும். குமிழிகள் வெடிக்கும்போது அந்த மணத்தை மூக்குவரை கொண்டுவருகின்றன.

நடுவில்: டைக்கிரி

கியூபாவில் சான்டியாகோ நகருக்கு அருகே டைக்கிரி என்று ஓர் ஊர். அங்கே சுரங்கத்தில் பணியாற்றிய அமெரிக்கப் பொறியாளர் ஜென்னிங்ஸ் காக்ஸ், 1898 வாக்கில் இந்தக் காக்டெய்லைக் கலந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. ஹவானாவின் எல் ஃப்ளோரிடிட்டா பாரில் கான்ஸ்டான்டினோ ரிபலாய்குவா அதை மெருகேற்றினார். எர்னெஸ்ட் ஹெமிங்வே அந்தக் கடையின் வாடிக்கையாளர்.

வெள்ளை ரம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 20, சர்க்கரைப் பாகு 20. மூன்றுக்கு ஒன்றுக்கு ஒன்று, அவ்வளவுதான் கணக்கு. பாகுக்குக் கம்பிப்பதம் எதுவும் தேவையில்லை. சர்க்கரையும் வெந்நீரும் சம எடை எடுத்து, கரையும்வரை கலக்கி ஆறவிட்டால் போதும். எலுமிச்சையில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. நம் சந்தையில் கிடைக்கும் சின்ன எலுமிச்சையும் கரீபியன் பகுதியின் கீ லைமும் ஒரே இனம். பாட்டிலில் அடைத்த சாறு வேண்டாம். அப்போதைக்கு அப்போது பிழியுங்கள். தோல் நசுங்கும் அளவுக்கு அழுத்திப் பிழிந்தால் கசப்பு இறங்கிவிடும்.

பாட்டிலில் மூன்றையும் ஊற்றி, நிறைய ஐஸ் போட்டு, மூடியை இறுக்கி, துணியால் பிடித்துக்கொண்டு பலமாகக் குலுக்குங்கள். முதலில் ஐஸ் ‘கடகட’வென்று மோதும் ஓசை கேட்கும். கட்டிகளின் முனை உடைய உடைய அது ‘சளசள’வென்று மாறும். எவர்சில்வரின் வெளிப்புறத்தில் வெண்மையாகப் பூத்து, பிடித்திருக்கும் விரல்கள் மரத்துப்போகத் தொடங்கும். பன்னிரண்டு முதல் பதினைந்து நொடிக்குள் இதெல்லாம் நடந்துவிடும். அங்கே நிறுத்தி, குளிர்ந்த கோப்பையில் வடிகட்டுங்கள். 100 மில்லியாக உள்ளே போனது 140 மில்லியை ஒட்டி வெளியே வரும். கூடுதலாக வந்தது முழுக்க ஐஸ் கொடுத்த தண்ணீர். அந்தத் தண்ணீர் இல்லாமல் அதே மூன்றையும் வெறுமனே கலந்து ஒரு ஸ்பூன் ருசித்துப் பாருங்கள். புளிப்பு பல் கூசும், இனிப்பு திகட்டும், ரம் எரியும்.

முதல் மிடறை உடனே குடியுங்கள். புளிப்பு நுனியில் தொட்டு, இனிப்பு அதை ஏந்திக்கொள்ள, விழுங்கிய பிறகு கரும்பின் மணம் தொண்டையிலிருந்து மேலே ஏறும். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு மிடறு குடித்தால் இனிப்பு கூடியிருப்பதாகத் தோன்றும். குளிர்ச்சி இனிப்பை அமுக்கிவைக்கும், குளிர் குறையக் குறைய அது வெளியே வரும். அதனால் டைக்கிரியைச் சின்னக் கோப்பையில், சில்லென்று இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. இரண்டு கல் உப்பு சேர்த்தும் ஒருமுறை பாருங்கள். லெமன் சோடாவில் உப்பு என்ன செய்யும் என்று அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இலங்கையில் இருப்பவர்கள் ரம்முக்குப் பதில் தென்னஞ்சாராயத்தையும், கையோடு பறித்த தேசிக்காயையும் வைத்து இதே அளவில் கலந்து பார்க்கலாம். தென்னம்பாளைக் கள்ளை வடித்து மரப்பீப்பாயில் முதிரவைத்த அந்தச் சாராயத்துக்குப் புளிப்பு மிக நன்றாகப் பொருந்தும்.

முடிவாக: நெக்ரோனி

1919இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்து காபிக்கடை ஒன்றில், கமில்லோ நெக்ரோனி என்ற பிரபு, தான் வழக்கமாகக் குடிக்கும் அமெரிக்கானோ என்ற காக்டெய்லில் சோடாவுக்குப் பதில் ஜின் ஊற்றச் சொன்னதாகக் கதை. ஜின், காம்பாரி, ஸ்வீட் வெர்மூத் மூன்றும் சம அளவு. காம்பாரியின் கசப்பு முதலில் சிலரைத் தயங்கவைக்கும். ஆனால் சுண்டைக்காய் வற்றலையும் வேப்பம்பூ ரசத்தையும் விரும்பிச் சாப்பிடுகிற நாக்குக்கு அது பழக அதிக நாள் ஆகாது.

தண்ணீரின் வேலையைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை. மூன்றிலும் 30 மில்லி எடுத்து, ஐஸ் நிறைந்த டம்ளரில் ஊற்றி, மெதுவாகக் கலக்கிக்கொண்டே பத்து நொடிக்கு ஒருமுறை ஒரு ஸ்பூன் ருசியுங்கள். முதலில் ஜின்னின் எரிச்சலும் காம்பாரியின் கசப்பும் தனித்தனியாக நிற்கும். அடுத்த ஸ்பூனில் எரிச்சல் தணிந்து ஆரஞ்சுத் தோலின் மணம் வரும். முப்பது நாற்பது நொடியில் மூலிகை, இனிப்பு, கசப்பு மூன்றும் சேர்ந்து ஒரே சுவையாகிவிடும். மேலும் கலக்கினால் சப்பென்று ஆகும். உங்களுக்குப் பிடித்த இடம் எது என்பதை ஒருமுறை நாக்கால் கண்டுபிடித்துவிட்டால் போதும், அதன் பிறகு எந்தச் செய்முறையும் பார்க்க வேண்டியதில்லை.

விருந்துக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. மூன்றிலும் 200 மில்லி, குடிநீர் 100 மில்லி. காலி 750 மில்லி பாட்டிலில் ஊற்றிக் காலையிலேயே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சேர வேண்டிய தண்ணீர் சேர்ந்தாகிவிட்டது, குளிர்ச்சியும் வந்துவிடும். மாலையில் பெரிய ஐஸ் கட்டியின் மேல் 100 மில்லி ஊற்றினால் ஏழு பேருக்கு வரும். கழுவிய ஆரஞ்சுத் தோலில் ஒரு துண்டைக் கோப்பைக்கு மேலே பிடித்து, வெளிப்பக்கம் பானத்தைப் பார்த்திருக்கும்படி மடக்கி நெரியுங்கள். தோலின் எண்ணெய் பனித்துளியாகச் சிதறிப் பானத்தின் மேல் படியும். குடிப்பதற்கு முன்பே மணம் எதிர்கொண்டு வரவேற்கும். மிச்சமிருக்கும் வெர்மூத்தை ஃபிரிட்ஜில் வையுங்கள். அது ஒயின் வகை, திறந்துவிட்டால் ஓரிரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

குடிக்காதவர்களுக்கும் அதே மரியாதை

மது தொடாதவர் கையில் ஒரு கோலா டின்னைக் கொடுத்து ஒதுக்கக்கூடாது. ஆறிய கெட்டிக் கட்டன் டீ 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 20, நன்னாரி சிரப் 20 எடுத்து, டைக்கிரி போலவே குலுக்கி வடிகட்டுங்கள். தேநீரின் துவர்ப்பு மதுவின் இடத்தை நிரப்பும். மேலே மெல்லிய நுரை கட்டும். அதே குளிர்ந்த கோப்பையில், அதே கவனத்தோடு கொடுங்கள்.

எங்கே நிறுத்துவது

30 மில்லி வீதம் மூன்றும் சேர்ந்த ஒரு நெக்ரோனியில் கிட்டத்தட்ட இரண்டு ஸ்மால் விஸ்கியின் ஆல்கஹால் இருக்கிறது. சுவை நன்றாக இருப்பதால் அது தெரியாமலே இறங்கிவிடும். எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், வண்டி ஓட்டப்போகிறவர்கள் இதைத் தொடவே கூடாது. குடிக்கிறவர்களும் வயிற்றில் சாப்பாடு இருக்கும்போது, ஒரு கோப்பைக்கும் அடுத்ததற்கும் அரை மணி நேரமாவது இடைவெளி விட்டு, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்துக்கொள்ளட்டும்.

ரசனைக்காகவும் இதைச் சொல்கிறேன். இரண்டாவது கோப்பைக்குப் பிறகு நாக்கு மழுங்கத் தொடங்கும். புளிப்பும் இனிப்பும் சரியாக இருக்கிறதா, இன்னும் ஐந்து நொடி கலக்கியிருக்கலாமா என்று எடைபோடும் திறன்தான் முதலில் போகும். இவ்வளவு கவனத்தோடு கலந்த ஒன்றை, அதைக் கவனிக்கும் நிலையில் இருக்கும்போதே குடித்து முடிப்பதுதான் அதற்கு நாம் செய்யும் நியாயம்.