தாயகம் திரும்பிய பேராயர் கண்ட பிரிட்டன்: ஒரு திறனாய்வு

இந்தியாவை விட்டு இங்கிலாந்தில் குடியேறியபோது தமக்கு நேர்ந்த பெருந்துன்பம் யாது என்று வினவியவர்களுக்கு, அங்கே நம்பிக்கை மறைந்துபோயிருந்ததே அது என்று பேராயர் லெஸ்லி நியூபிகின் விடையிறுத்து வந்தார். சென்னையின் மிகத் தாழ்ந்த சேரிகளிலுங்கூட நாளை நிலைமை சீர்படும் என்னும் எண்ணம் உயிரோடிருக்கக் கண்டதாகவும், செல்வம் மிகுந்த தம் தாயகத்தில் அதனைக் காண்பது அரிதாயிருந்ததாகவும் அவர் எழுதினார். இக்கருத்து அமைந்துள்ள '1984-இன் மறுபக்கம்' என்னும் சிறுநூலை உலகத் திருச்சபைகளின் மாமன்றம் 1983-இல் வெளியிட்டது. அளவிற் சிறியதாயினும், மேலைநாடுகளையே அருட்பணிக் களமாகக் கருதும் இறையியல் எழுத்துகள் பலவற்றுக்கு அது வாயில் திறந்தது.

நம் பிரசங்க பீடங்களில் இவ்வாக்கியம் வேறொரு வாழ்வு பெற்றுவிட்டது. மேற்கு இருளடைந்தது, கிழக்கில் ஒளி நிற்கிறது என்பதற்குச் சான்றாக அது கன்வென்ஷன் மேடைகளில் எடுத்தாளப்படுகிறது. நம் மாணவர்களின் கட்டுரைகளிலும் ஆண்டுதோறும் அது தவறாமல் தலைகாட்டுகிறது. நம் நாட்டைப் புகழும் சொல் யாவருக்கும் இனிக்கவே செய்யும். ஆயினும் அதனை ஆய்ந்து நோக்கியவர் நம்மிடையே மிகச் சிலரே. ஆகவே அதனைச் சொன்னவர் எங்கிருந்து, எந்நிலையில், எதனை ஒப்புநோக்கிச் சொன்னார் என்பதை ஈண்டு ஆராயப் புகுகிறோம்.

1909-இல் நியூகாசிலில் பிறந்த நியூபிகின், 1936-இல் ஸ்காத்லாந்துத் திருச்சபையின் மிஷனெரியாகச் சென்னை வந்தார். காஞ்சிபுரத்தில் தமிழ் பேசிப் பணியாற்றினார். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது தம் முப்பத்தேழாம் வயதில் மதுரை - இராமநாதபுரம் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராயிருந்து ஓய்வு பெற்றார். 1959 முதல் 1965 வரை அவர் இந்தியாவில் இல்லை. அனைத்துலக மிஷனெரி ஆலோசனைச் சங்கத்தின் பொதுச் செயலராகவும், அது மாமன்றத்தோடு இணைந்தபின் ஜெனீவாவிலும் பணிசெய்தார். இந்த இடைவெளி கருதத்தக்கது. முப்பத்தெட்டாண்டுகள் தாயகத்தையே காணாதிருந்து ஒருநாள் கண்விழித்தவர் அல்லர் அவர். மேலை நாட்டின் மாற்றங்களை இடையிடையே அருகிருந்தே கண்டவர். எனினும் 1974-இல்தான் அவை அவர் நெஞ்சைத் தைத்தன. முன்னெல்லாம் திரும்பிச் செல்வதற்கு ஓர் இந்தியா இருந்தது. இம்முறை பிரிட்டனே அவர் முடிவாக வாழவேண்டிய இடமாயிற்று. விருந்தினராய்ச் செல்வோர் கண்ணுக்குப் படாதவை, குடியிருக்கச் செல்வோர் கண்ணுக்குப் படுகின்றன.

அவர் திரும்பிச் சென்ற வழியும் அவருடைய எழுத்தை விளக்குகிறது. அவரும் துணைவியார் ஹெலனும் இரண்டு பெட்டிகளும் ஒரு முதுகுப்பையும் மட்டும் கொண்டு, கிடைத்த பேருந்துகளில் ஏறித் தரைவழியாகவே பயணம் செய்தனர். துருக்கியின் கப்பத்தோக்கியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெரிய பேசிலும் இரு கிரகோரிகளும் திரித்துவக் கோட்பாட்டை வகுத்தளித்த மண் அது. பயணம் முழுவதிலும் அங்கே மட்டுந்தான் உடன் ஆராதிக்க வேறொரு கிறிஸ்தவர் கிடைக்காமல், கணவனும் மனைவியுமாகத் தனித்து ஆராதிக்க நேர்ந்தது என்று அவர் தம் வரலாற்று நூலிற் குறித்துள்ளார். ஒரு காலத்தில் இறையியலின் தொட்டிலாயிருந்த நாட்டிலும் திருச்சபை அற்றுப்போகக்கூடும் என்பதைக் கண்ணாரக் கண்டபின்பே அவர் பர்மிங்காமுக்குள் நுழைந்தார். அவர் பிரிட்டனைப் பற்றி எழுதிய ஒவ்வொரு பக்கத்திலும் அந்த ஞாயிறு நிழலிட்டிருக்கிறது என்பது நம் துணிபு. இதனை உணராது படிப்போர், அவரை வயது முதிர்ந்து சலித்துக்கொண்ட ஒரு பேராயர் என்று எளிதில் ஒதுக்கிவிடுவர்.

அவருடைய அச்சம் வீணானதன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் தம்மைக் கிறிஸ்தவர் எனப் பதிந்துகொண்டவர் 59.3 விழுக்காடு. 2021-இல் அது 46.2 விழுக்காடாகக் குறைந்தது. சமயம் எதுவுமில்லை என்றவர் 37.2 விழுக்காடு. இவ்வளவில் அவர் கூறியவற்றைக் காலம் பொய்ப்பிக்கவில்லை. நம் கேள்வி அவர் கண்ட நோயைப் பற்றியதன்று. நோயின் காரணமாக அவர் எதனைச் சுட்டினார், நலத்தின் அளவுகோலாக எதனைக் கொண்டார் என்பவற்றைப் பற்றியது.

அவர் சென்றிறங்கிய ஆண்டையே முதலிற் பாருங்கள். 1974-இன் தொடக்கத்தில் எண்ணெய் நெருக்கடியும் சுரங்கத் தொழிலாளர் போராட்டமும் சேர்ந்ததால், பிரிட்டனின் தொழிலகங்கள் பலவற்றுக்கு வாரத்தில் மூன்று நாட்களே மின்சாரம் கிடைத்தது. அவ்வாண்டில் இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்தன. நவம்பர் 21-ஆம் நாள் பர்மிங்காம் நகரின் மதுக்கடைகளில் குண்டுகள் வெடித்து 21 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டில் விலைவாசி ஏறத்தாழ 24 விழுக்காடு உயர்ந்தது. 1982-இல் வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைக் கடந்தது. பர்மிங்காமைச் சூழ்ந்த தொழில் வட்டாரமே இதில் மிகுதியாக அடிபட்டது. இத்தகைய காலத்தில் ஒரு நகரத்து மக்கள் நாளையைப் பற்றி நம்பிக்கையோடு பேசாதிருந்தால், அதற்கு முதற்காரணத்தைத் தத்துவ வரலாற்றில்தான் தேடவேண்டுமோ?

நியூபிகின் அங்கேயே தேடினார். பதினெட்டாம் நூற்றாண்டின் அறிவொளி இயக்கம், பகுத்தறிவினால் மனிதன் இவ்வுலகிலேயே பேரின்பம் எய்துவான் என்று வாக்களித்தது, அவ்வாக்குத்தத்தம் பொய்த்தது, ஆகவே மேற்கு நம்பிக்கை இழந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். ஐயத்தையே அறிவின் தொடக்கமாக்கிய தெக்கார்த்தின் வழியை விட்டு, நம்பிப் பற்றிக்கொள்வதே எல்லா அறிவுக்கும் அடிப்படை என்ற மைக்கேல் போலானியின் வழியை அவர் பின்பற்றுகிறார். திருச்சபை தன் நற்செய்தியை வீட்டுக்குள் அடங்கிய தனிமனித விருப்பமாக ஒடுக்கிக்கொண்டது தவறு, அதனைப் பொதுவான உண்மையாக ஊரறியச் சொல்லவேண்டும் என்கிறார். இதனை நாம் மனமார ஏற்கிறோம். 1986-இல் வந்த 'கிரேக்கருக்குப் பைத்தியம்' என்னும் நூலில் இவ்வாதம் மேலும் வலுவாக அமைந்துள்ளது.

ஆனால் சென்னைச் சேரிகளைப் பற்றிய அவர் கூற்றை இவ்வாதத்தின் அருகே வைத்து நோக்கும்போது ஒரு முரண் வெளிப்படுகிறது. அச்சேரியின் தாய் எதனை நம்பினாள்? பள்ளி சென்ற மகன் அரசு வேலை பெறுவான் என்று நம்பினாள். தெருவிற் குழாய் வரும், குடிசைக்குப் பட்டா கிடைக்கும், தன் வாக்குச்சீட்டால் ஆட்சி மாறும் என்று நம்பினாள். 1956-இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியதையும், 1967-இல் ஆட்சி மாறியதையும், 1970-இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியதையும் கண்ட தலைமுறை அது. பிறப்பினால் ஒருவன் தாழ்ந்தவனல்லன் என்ற முழக்கத்தைத் தெருமுனைக் கூட்டங்களிற் கேட்டு வளர்ந்த தலைமுறை. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? நற்செய்திக்கு அதிற் பங்குண்டு. மிஷன் பள்ளிகளுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் மனித உரிமை, சமத்துவம், அரசின் திட்டமிடுதல், கல்வியினால் முன்னேற்றம் என்பவை பெரும்பாலும் அறிவொளி இயக்கத்தின் பிள்ளைகளே. எந்த மரம் பட்டுப்போயிற்று என்று பிரிட்டனைப் பற்றி அவர் இரங்குகிறாரோ, அதே மரத்தின் பதியன்தான் சென்னையில் தழைத்திருந்தது. அதன் நிழலில் நின்றுகொண்டே தாய்மரத்தை வெட்டச் சொல்வது பொருந்துமா?

இதனை அவர் அறியாதவர் அல்லர் என்பதுதான் வியப்பு. 1966-இல் அவர் வெளியிட்ட 'உலகியல் மனிதருக்கு நேர்மையான சமயம்' என்னும் நூல், உலகியல்மயமாதலை நற்செய்தியின் விளைவுகளுள் ஒன்றாகவே கண்டு, சில எச்சரிக்கைகளோடு வரவேற்றது. தீண்டாமை ஒழிப்பு போன்ற மாற்றங்களை அப்போக்கின் நற்பயன்களாக மதித்தது. இந்தியாவில் நின்று நோக்கியபோது அவர் கண்ணுக்கு விடுதலையாகத் தோன்றிய அதே ஆற்றல், பர்மிங்காமில் நின்று நோக்கியபோது வெறுமையாகத் தோன்றியது. இரண்டும் உண்மையாயிருக்கலாம். சாதியின் சுமையைச் சுமந்தவனுக்கு அது கட்டவிழ்த்த கை. கட்டு ஏதும் இல்லாதவனுக்கு அது பிடிமானமற்ற வெளி. ஆனால் 1983-ஆம் ஆண்டின் நூல் முந்திய நூலோடு நேர்நின்று கணக்குத் தீர்க்கவில்லை. இடம் மாறியதால் மாறிய பார்வையைக் காலம் மாறியதால் மாறிய உண்மையாகக் காட்டிவிடும் ஆபத்து, திரும்பி வந்தோர் அனைவருக்கும் உண்டு. எஸ்றாவின் நாட்களில் முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியோர் புதிய அஸ்திபாரத்தின் முன் அழுதார்கள். இளையோர் அதே இடத்தில் ஆர்ப்பரித்தார்கள். அழுகையும் ஆர்ப்பரிப்பும் பிரித்தறிய முடியாமற் கலந்தன என்கிறது திருமறை. யார் சரியாகக் கண்டார் என்று அது தீர்ப்புரைக்கவில்லை.

செல்லி ஓக் கல்லூரிகளில் 1979 வரை கற்பித்தபின், எழுபது வயதை எட்டிய நிலையில் அவர் செய்தது நம் மதிப்புக்குரியது. வின்சன் கிரீன் சிறைச்சாலைக்கு எதிரே இருந்த ஒரு பழைய சிறு சபையை மூடிவிட எண்ணியபோது அவர் அதனை எதிர்த்தார். எதிர்த்தவரே அதன் ஆயராகவும் பொறுப்பேற்றார். பேராயராயிருந்தவர் வீடு வீடாக நடந்தார். அங்கே குடியேறியிருந்த சீக்கிய, இந்துக் குடும்பங்கள் தம்மை அன்போடு உள்ளே அழைத்தன என்றும், அந்நாட்டவரின் வாசற்படியில் அவ்வரவேற்புப் பலமுறை மறுக்கப்பட்டது என்றும் எழுதுகிறார். இந்தியாவில் தாம் சந்தித்த எதனினும் இது கடினம், எதிர்ப்பைவிடக் குளிர்ந்த அலட்சியமே தாங்க அரியது என்பது அவர் அனுபவம்.

இவ்விடத்தில் இன்னும் ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. காஞ்சிபுரத்துத் தெருவில் அவர் நடந்தபோது கதவுகள் திறந்தது எதனால்? நம் மக்களின் விருந்தோம்பல் ஒரு காரணம். வந்தவர் துரை என்பது மற்றொரு காரணம். அவருக்குப் பின்னால் பள்ளியும் மருத்துவமனையும், 1947 வரையில் ஓர் ஆட்சியும் நின்றன. வின்சன் கிரீனில் அவருக்குப் பின்னால் எதுவும் நிற்கவில்லை. ஒரு கிழவர், கையில் வேதப்புத்தகம், வேலையிழந்தவன் வீட்டு வாசல். வாசலில் நிற்கும் குருவானவருக்குக் கதவு திறக்கும் கடமை தனக்கு உண்டென்று அந்த ஆங்கிலேயன் எண்ணவில்லை. தம் வாழ்நாளிலே முதன்முறையாக, அதிகாரத்தின் துணை சற்றுமின்றி நியூபிகின் நற்செய்தியைச் சுமந்து சென்றது அத்தெருவில்தான் என்று நாம் எண்ணுகிறோம். குளிர்ந்த அலட்சியம் என்று அவர் பெயரிட்டதன் ஒரு பகுதி, அதிகாரம் நீங்கிய ஊழியத்தின் இயல்பான தட்பவெப்பமாகவும் இருக்கலாம். நம் நாட்டிலே சாதியாலும் வறுமையாலும் தாழ்த்தப்பட்ட உபதேசியார்கள் ஊர்த் தெருவில் நுழைய இயலாமல் இதனை நெடுங்காலம் அனுபவித்தார்கள். அவர்கள் அதனைப் பண்பாட்டின் வீழ்ச்சி என்று எழுதவில்லை. எழுத அவர்களுக்கு இடமும் கொடுக்கப்படவில்லை.

அவருக்குக் கதவு திறந்தவர்களோ தாமே அயல்நாட்டிற் குடியேறியவர்கள். 1968-இல் அதே பர்மிங்காமில் ஈனக் பவல் குடியேற்றத்துக்கு எதிராக ஆற்றிய உரையின் சூடு அவர்கள்மேல் இன்னும் ஆறாதிருந்த காலம். 1985-இல் பக்கத்துப் பகுதியான ஹான்ட்ஸ்வொர்த்தில் கலவரம் மூண்டது. அந்நியராய் வாழ்வது இன்னதென்று அறிந்தவர்கள், சொந்த ஊரிலேயே அந்நியராகிவிட்ட ஒரு முதியவரை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார்கள். பண்பாடுகளைப் பற்றிய அவர் நூல்களில் நாம் தேடி நிறைவாகக் காணாதது இந்த மக்களின் இறையியலே. மேற்கு மனமாறக்கூடுமா என்று இந்தோனேசியரான ஜெனரல் சிமாதுபாங் பாங்காக் மாநாட்டில் முணுமுணுத்த கேள்வியை அவர் இறுதிவரை சுமந்தார். அக்கேள்வியைக் கேட்டவர் ஆசியர். விடை தேடியபோது நியூபிகின் பெரும்பாலும் ஐரோப்பியத் தத்துவ அறிஞரோடே உரையாடினார். இன்று பிரிட்டனின் நகரங்களில் பல சபைகள் ஆப்பிரிக்க, கரீபிய, ஆசியக் குடியேறிகளால் நிறைந்திருப்பதை நோக்கும்போது, விடையின் ஒரு பகுதி அவர் தட்டிய கதவுகளுக்கு அப்பாலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

நம் சபைகளுக்கும் இதில் நேரான கேள்வி உண்டு. சென்னைச் சேரியின் நம்பிக்கையை நம் திருச்சபையின் சாதனையாக நாம் மேடைகளிற் பேசுகிறோம். அச்சேரியின் பிள்ளைகள் இன்று பட்டம் பெற்றும் வேலையின்றி நிற்கும்போது, குடிசைகள் அகற்றப்பட்டு நகருக்கு அப்பாலுள்ள அடுக்ககங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் வேலைக்கும் பள்ளிக்கும் நெடுந்தொலைவு அலையும்போது, அந்நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்று கேட்கும் ஆயர்கள் எத்தனை பேர்? அது வாக்களித்த அரசின் மேல் மட்டும் நின்றிருந்தால், வின்சன் கிரீனின் வாசற்படி நம் பேராயங்களிலும் அமையக் காலம் அதிகம் செல்லாது.

மாணவர்கள் இந்நூல்களைப் படிக்கும் முறைபற்றி ஒரு சொல். வழக்கமாக '1984-இன் மறுபக்கம்' முதலில் கொடுக்கப்படுகிறது. நாம் அதனை இறுதியில் வைக்கப் பரிந்துரைக்கிறோம். முதலில் 1966-ஆம் ஆண்டு நூல். அடுத்து 1985-இல் வந்த தன்வரலாற்றில், தரைவழிப் பயணத்தையும் பர்மிங்காம் ஆண்டுகளையும் கூறும் பகுதிகள். அதன்பின் அச்சிறுநூல். அந்த வரிசையிற் படிப்போர், அவர் எழுதியவற்றைவிட வின்சன் கிரீனில் அவர் நடந்த நடையே தம்மை அதிகம் அசைப்பதை உணரக்கூடும். அல்லது நம்மோடு மாறுபடக்கூடும். மாறுபடுவோர் எழுதியனுப்பினால் இவ்விதழின் பக்கங்களில் அதற்கு இடமுண்டு.