எல்லோர் கைக்கும் ஒரே பலகை

எங்கள் நூலகச் சதுரங்க வட்டத்துப் பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு ஊர் ஊராகப் பிரிந்தபோது, லிசெஸ் சதுரங்கத் தளத்தின் ‘ஸ்டடி’ என்ற பகுதியில்தான் வகுப்பைத் தொடர்ந்தோம். இணைப்பைத் திறந்த எல்லோருக்கும் அதே பலகை. நான் யானையை நகர்த்தினால் தேனியில் இருக்கும் பையனின் திரையிலும் நகர்கிறது. வீடியோவைப் போல டேட்டாவை விழுங்குவதில்லை, போய் வருவது நகர்வுகள் மட்டும்தான். பேசிக்கொள்ள வாட்ஸ்அப் கால்.

ஆசிரியர் ஆட, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பதற்கு யூடியூபே போதும். இங்கே பிள்ளையைப் பங்களிப்பாளர் ஆக்கினால் அவளும் காய் நகர்த்தலாம், தமிழில் குறிப்பு எழுதலாம். ‘சிங்க்’ பொத்தான் போட்டிருந்தால் எல்லோரும் ஒரே நிலையில் நிற்போம். அதை எடுத்துவிட்டால் அவரவர் வழியில் தேடலாம். ‘ரெக்’ போட்டு ஆடினால் அது மற்றவர்களுக்குத் தெரியும், பதிவும் ஆகும். முதலில் தனியே யோசிக்க விட்டு, பிறகு ஒவ்வொருவராகக் காட்டச் சொல்வேன்.

லூசேனா நிலை என்ற யானை முடிவாட்டத்தை இப்படித்தான் படித்தோம். ஏழாம் வரிசைச் சிப்பாயின் வழியைச் சொந்த ராஜாவே அடைத்து நிற்கும். வெளியே வந்தால் எதிரி யானை செக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நம் யானையை நான்காம் வரிசைக்குக் கொண்டுவந்து, கடைசியில் ராஜாவுக்கு மறைப்பாக நிறுத்துவதுதான் விடை. நான் வாய் திறக்காமலே ஒரு சிறுமி அதைக் கண்டுபிடித்தாள். எவ்வளவு மகிழ்ச்சி!

அது நடக்க, அமைப்புகளில் கணினி ஆய்வை யாருக்கும் கிடைக்காதபடி மூட வேண்டும். அது மட்டும் போதாது. ஏழு காய் வரையிலான முடிவாட்டங்களுக்கு டேபிள்பேஸ் என்ற தரவுத்தளம் விடையை நேராகச் சொல்லிவிடும். லூசேனாவில் இருப்பதே ஐந்து காய். டேபிள்பேஸையும் மூடுங்கள். ஸ்டடியை அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் என வையுங்கள், அரட்டையை உறுப்பினர்களோடு நிறுத்துங்கள்.

கணினியில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி இழுத்தால் அம்பு வரையலாம். போனில் சேரும் பிள்ளைகளுக்கு அது அவ்வளவு எளிதில் கைவருவதில்லை. எங்கள் வட்டத்தில் பெரும்பாலானோரிடம் போன்தான், ஆகவே இதைச் சின்னக் குறை என்று தள்ள மாட்டேன்.

காசு இல்லை, விளம்பரமும் இல்லை. 2010இல் பிரான்ஸின் திபோ தூப்ளெஸி தொடங்கிய தளம் நன்கொடையில் ஓடுகிறது. ஒரு ஸ்டடியில் 64 அத்தியாயங்கள் வரை சேர்க்கலாம். தொடக்கத்துக்கு ஒரே ஒரு முடிவாட்டமும் நான்கைந்து பிள்ளைகளும் போதும். கூட்டம் சேர்ந்து எல்லோரும் ஒரே நேரத்தில் காயைத் தொட்டால் பலகை குழம்பிவிடும்.