மதிப்பெண் பட்டியலில் மக்கள் எங்கே?

மக்களாட்சி நாட்டிலே மக்களின் உடல்நலத்தை அளக்கிறார்கள், அளக்கத்தான் வேண்டும். நிதி ஆயோக் 2018-ஆம் ஆண்டிலே மாநிலங்களின் நலவாழ்வுக் குறியீட்டை முதன்முதலாக வெளியிட்டது. 2021 டிசம்பரில் வந்த நான்காம் பட்டியலிலே, பெரிய மாநிலங்களுள் கேரளம் முதலிடம், தமிழகம் இரண்டாமிடம். மகிழ்கிறோம்! ஆயினும், மகிழ்ச்சியோடு ஏட்டை மூடிவிடுவது பகுத்தறிவாளர் பழக்கமன்று. எதைக் கொண்டு அளந்தார்கள் என்று கேட்போம்.

அளவுகோல்கள் 24. குழந்தை இறப்பு, தடுப்பூசி, மருத்துவமனைப் பேறுகாலம் — யாவும் தேவையானவையே. 'ஆளுகை' என்றொரு தலைப்பும் உண்டு. ஆவலோடு அங்கே தேடினால் காண்பது என்ன? உயர் அதிகாரிகள் சராசரியாக எத்தனை மாதம் ஒரே பதவியில் நீடித்தனர் என்ற கணக்கு! நாற்காலியில் அமர்ந்தவருக்கு மதிப்பெண் உண்டு; எதிரே நின்று கேள்வி கேட்கும் ஏழைக் குடிமகளுக்கு இல்லை.

நலத்திட்டங்களை வகுப்பதிலும் நடத்துவதிலும் பங்குகொள்வது மக்களின் உரிமை, கடமை என்று 1978-இலேயே அல்மா ஆட்டா மாநாடு அறிவித்தது. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம், ஊர்தோறும் குழு அமைத்து ஆண்டுக்கு 10,000 ரூபாய் தர வழிசெய்தது. 2007 முதல் 2009 வரை, தமிழகம் உட்பட 9 மாநிலங்களிலே ஊரார் தாமே மருத்துவ நிலையங்களை மதிப்பிட்டனர். பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறமிட்டுத் தீர்ப்பளித்தனர். எழுத்தறியாதவரும் அளக்கவல்ல அந்த அளவுகோல் தேசியப் பட்டியலில் ஏறவில்லை!

"அதிகாரத்தை எப்படி அளப்பது?" என்பர். அளந்திருக்கிறார்களே! 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்விலே, தம் மருத்துவம், பெரிய செலவு, உறவினர் வீடு செல்லல் ஆகிய மூன்றிலும் முடிவெடுப்பதிலே பங்குகொள்ளும் மணமான பெண்கள் 71 விழுக்காடு. கடைக்கும், மருத்துவ நிலையத்துக்கும், ஊருக்கு வெளியேயும் தனியே செல்ல இசைவு பெற்ற பெண்களோ 42 விழுக்காடே! வீட்டுக்குள் உள்ள விலங்கை எண்ணிக் காட்ட முடிந்தவர்க்கு, ஊர்க் குழுவில் உள்ள விலங்கை எண்ணவா முடியாது?

குழு கூடியது என்ற குறிப்பு மட்டும் போதாது. சேரிப் பெண் அங்கே பேசினாளா? பேசியது நடந்ததா? பணம் யார் சொற்படி செலவாயிற்று? இவையே அளவுகோல்கள். கைநாட்டு வைத்தவரையெல்லாம் கருத்துரைத்தவராக எண்ணுவது கணக்கன்று, கண்கட்டு.

தோழர்களே! உங்கள் ஊர்க் குழுவின் பதிவேட்டைக் கேளுங்கள். இந்தக் கேள்விகளை அங்கே தொடுங்கள். மக்களை அளக்கும் கோல் மக்கள் கைக்கு வரட்டும்!