எடுத்து வைத்த மா

நல்ல அப்பத்தின் ஓரம் விரல் பட்டதும் பொரபொரவென்று உடைய வேண்டும். நடுவில் நெருக்கமாகக் கண் விழுந்து, தேங்காய்ப்பாலின் இனிப்புக்குப் பின்னால் மெல்லிய புளிப்பு ஒன்று நாவில் ஏற வேண்டும். ஓரம் தாச்சியின் சூட்டில் வருவது. கண்ணும் புளிப்பும் முந்தின இரவே தீர்மானமாகிவிடும். கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலை அப்பம் வாங்கும்போது நான் தேடுவது அந்த இரவின் வேலையைத்தான்.

முன்பு அந்த வேலையைச் செய்தது கள். யாழ்ப்பாணத்தில் பனங்கள், மேற்குக் கரையில் தென்னங்கள். வாதுவை, களுத்துறைப் பக்கம் மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றில் நடந்து இறக்கும் கள்ளில் ஈஸ்ட் தானாகவே வந்து சேர்ந்துவிடும். தொடர்மாடி வீட்டில் இருப்பவர் நாள்தோறும் கள்ளுக்கு எங்கே போவார்? கள்ளோ, சீனி கரைத்து இரவு வைத்த தேங்காய்த் தண்ணீரோ விட்டு ஒருமுறை புளிக்க வைத்த மாவில் ஒரு கோப்பை எடுத்து வைத்தால், அடுத்த மாவுக்கு அதுவே போதும்.

எப்போது எடுப்பது என்பதில்தான் கைத்திறன். மா பொங்கி உச்சிக்கு வந்து, இறங்கத் தொடங்கும் முன் எடுக்க வேண்டும். ஈஸ்ட் பலத்தோடு நிற்கும் நேரம் அது. கொழும்பு வெக்கையில் மேலும் விட்டால் லக்டிக் அமில பக்டீரியா மேலோங்கும்; கள் வாசம் போய்க் காடி வாசம் வரும். உப்பும் தேங்காய்ப்பாலும் சேர்க்கும் முன்பே எடுப்பதும் முக்கியம். உப்பு ஈஸ்டை மந்தமாக்கும், பால் கெட்டுவிடும். குளிர்சாதனப் பெட்டியில் அந்தக் கோப்பை சில நாள் அடங்கிக் கிடக்கும். பிறகு புது அரிசிமாவும் காய்ச்சிய கஞ்சியும் சேர்த்தால் மீண்டும் எழும். அரிசிமாவுக்குக் கோதுமையின் இழுவை கிடையாது. கஞ்சியின் பிசுபிசுப்புத்தான் காற்றைப் பிடித்து வைக்கிறது.

பியர் வடிப்போரும் தலைமுறைகளாக இப்படித்தான் ஒரு வடிப்பின் ஈஸ்டை அடுத்ததற்கு எடுத்து வைத்தார்கள். இடையில் காட்டு ஈஸ்ட் புகுந்தால் பியர் கெடும். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றைக் கலத்திலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தெடுத்து அந்தக் கவலையைத் தீர்த்தார். இன்றைய பைக்கற் ஈஸ்டும் அப்படித் தேர்ந்து வளர்த்ததுதான். அவசரத்துக்குக் கைகொடுக்கும், மாவை விரைவில் பொங்க வைக்கும். ஆனால் புளிப்பைத் தருவது பக்டீரியா. அதற்கு நேரம் வேண்டும். எடுத்து வைத்த மாவில் இரண்டும் சேர்ந்தே வாழ்கின்றன. அந்தச் சேர்க்கை வீட்டுக்கு வீடு வேறு; அப்பத்தின் சுவையும் வேறு.

அந்தக் கோப்பையைக் காப்பவர் ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறார், குமிழியைப் பார்க்கிறார், மழை நாளுக்கும் வெயில் நாளுக்கும் நேரத்தை மாற்றுகிறார். அடுத்த மாவை நினைத்து இன்றைய மாவைக் கவனிக்கும் அந்தப் பழக்கம்தான் அவருடைய அப்பத்தை ஆண்டுக்கு ஆண்டு மெருகேற்றுகிறது.