வகையறிந்து வாசித்தல்

புதுச்சேரிக்கு வடக்கே கடலை ஒட்டியுள்ள பொம்மையார்பாளையத்தில் கோடை விடுமுறையில் சில நாட்கள் தங்கியிருந்தோம். உடன் கொண்டுசென்ற நூல்கள் நான்கு: ஒரு நாட்குறிப்பு, ஒரு புதினம், ஒரு காப்பியம், ஒரு தன்வரலாறு. அவற்றைப் பற்றி எமக்குத் தோன்றியவற்றை இங்கு எழுதுகிறோம். மாறுபடுவோர் மாறுபடலாம்.

முதலில் ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். அருட்பணியில் இருப்போரில் பலர் கத்தரிக்கோலுடன் வாசிக்கிறோம். வரும் ஞாயிறுக்கு உதவும் நிகழ்ச்சி ஒன்று கிடைத்தால் நூல் நல்லது; இல்லையேல் மூடிவைத்து விடுகிறோம். திருமறையை நாம் இவ்வாறு கற்பிப்பதில்லை. குங்கெல் சங்கீதங்களைப் புகழ்ச்சி, புலம்பல், நன்றி என வகைப்படுத்திக் காட்டிய பின்னர், வகையைக் கேளாமலே ஒரு சங்கீதத்தை விளக்க முற்படும் மாணவருக்கு மதிப்பெண் குறைக்கிறோம். அதே மாணவர் தமிழ்ப் புதினம் ஒன்றைக் கையிலெடுக்கும்போது அக்கேள்வி அவருக்கும் நினைவில்லை, நமக்கும் நினைவில்லை.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பே எம்மை அதிகம் அலைக்கழித்தது. பிரெஞ்சு ஆட்சியில் துபாஷியாய் உயர்ந்த அவர், 1736 முதல் 1761இல் இறக்கும்வரை எழுதியது அது. கப்பல் வரவு, சரக்கு விலை, சோதிடம், போட்டியாளர் மீது பொறாமை, தற்புகழ்ச்சி ஆகிய யாவும் அதில் உண்டு. அழகுபடுத்தப்படாமையே அதன் வலிமை. புதுச்சேரித் தேவாலயத்துக்குள் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவரைப் பிரித்து நின்ற சுவரையும், அவர்கள் குருவிடம் முறையிட்டு அதை அகற்றச் செய்ததையும் 1745ஆம் ஆண்டுக் குறிப்பில் காண்கிறோம். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின் நடுவே, வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. அதில் முன்நின்றவர்களுள் ஒருவர் இயேசு சபைக் குரு கேர்தூ. சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவைப் பின்னர் ஐரோப்பிய அறிஞர்க்கு எடுத்துரைத்தவரும் அவரே. மொழியைக் கற்றவர், அம்மொழியினர் வணங்கிய இடத்தை இடிக்கத் துணை நின்றார்! இப்பக்கங்களை நாம் இருமுறை வாசித்தோம். அவர்கள் கத்தோலிக்கர் என்று சொல்லித் தப்பிவிட நினைத்ததையும் மறைக்கவில்லை. ஆனால் 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமை கூடாதெனக் கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் வெளியேறியவர்கள் நம்மவரே. நாட்குறிப்பு எவருக்கும் அறிவுரை கூறுவதில்லை. அதனாலேயே அதனிடமிருந்து தப்ப இயலவில்லை.

இந்நாட்குறிப்பைக் கொண்டு பிரபஞ்சன் எழுதிய ‘வானம் வசப்படும்’ 1995இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. இனிய வாசிப்பு, எனினும் மூலத்தின் முரட்டுத்தனம் அதில் சற்றே மழுங்கிவிட்டதென்பது எமது எண்ணம்.

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) மணப்பாட்டுக் கிறிஸ்தவ மீனவரின் கதை. லாஞ்சிக்கும் வல்லத்துக்கும் இடையே மூண்ட பகை, பிலோமியின் காதல் தோல்வி, குரூஸ் மிக்கேலின் பிடிவாதம் என அது விரிகிறது. முன்னொருமுறை மன்னிப்பைப் பற்றிய அருளுரைக்காக இதை வெட்டிப் பயன்படுத்தினோம். இம்முறை, துறைமுகம் எழுந்தபின் கடல் அரித்துவரும் அந்தக் கரையில் அமர்ந்து, வலை சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவருக்குச் சில பக்கங்களைப் படித்துக் காட்டினோம். அவர் பிலோமியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “ஐயா, அந்த வல்லத்துல எத்தனை பேரு போவாங்க?” என்றார். எமக்கு விடை தெரியவில்லை. புதினத்தில் மரக்கலமும் ஒரு பாத்திரம் என்பதை அவர் அறிந்திருந்தார். நாம் உவமை தேடிக்கொண்டிருந்தோம்.

எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) நம் மேடைகளில் மிகுதியாகப் புகழப்பட்டுக் குறைவாக வாசிக்கப்படும் நூல். பனியன் 1678இல் வெளியிட்ட கதையைக் கம்பனின் நடையில் காப்பியமாக்கும் துணிவு பெரிது. வாய்விட்டுப் படித்தால் அதன் செல்வம் விளங்கும். ஆயினும் பனியனின் வழிப்போக்கர்கள் சந்தையில் பேசுவதுபோல் பேசுகின்றனர். பிள்ளையின் மாந்தரோ அரசவைக்கு வந்தோர் போல நிற்கின்றனர். வழியின் புழுதி நமக்குக் கிட்டவில்லை. பக்தியினால் இக்குறையைச் சொல்லாமல் விடுவது அவருடைய புலமைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ பற்றி மிகுதி கூறத் தேவையில்லை, அறியாதார் இலர். ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறோம். 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட வினாவினால் சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்த அவர், அதன் சமண்பொருள் விளங்காமல், கும்பகோணத்துச் சைனர் இல்லங்களுக்குச் சென்று மாணவரைப் போல் கேட்டறிந்தார். சைவர் அவர், தம் சமயத்துக்கு அதனால் என்ன பயன் என்று கேட்கவில்லை. 1887இல் பதிப்பு வெளிவந்தது. தன்வரலாறோ முற்றுப்பெறுமுன் 1942இல் அவர் மறைந்தார்.

ஊர் திரும்பியதும் சிந்தாமணியை மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறோம். கத்தரிக்கோல் இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.