லாரன்ஸ் கொண்டுவந்து நிறுத்திய வரிசை

புனித லாரன்ஸ் என்றதும் நினைவுக்கு வருவது இரும்புக் கிராதிதான். ரோமாபுரியின் திருத்தொண்டர், கி.பி. 258-இல், வலேரியன் ஆட்சியில் கொல்லப்பட்டவர். தணல்மேல் கிடந்தபடியே, இந்தப் பக்கம் வெந்தாச்சு, திருப்பிப் போடுங்க என்று நக்கலடித்தாராம். அதே ஆண்டு கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் எழுதிய கடிதமோ, குருமார்களை உடனே கொல்லச் சொல்லும் அரச ஆணையைப் பற்றிப் பேசுகிறது. நிதானமாக வாட்டுவது அதோடு ஒட்டவில்லை.

சரி, வரலாறு கிடக்கட்டும். என் சிக்கல் கவிதையோடுதான்.

ஸ்பெயின்காரர் புருடென்ஷியஸ் (பிறப்பு 348) லாரன்சுக்கு 584 அடியில் ஒரு பாட்டு எழுதினார். நகர அதிகாரி திருச்சபையின் பொன்னைக் கேட்கிறான். மூன்று நாள் அவகாசம் வாங்கிய லாரன்ஸ், குருடர், முடவர், புண்ணில் சீழ் வடிவோர் என ஊர்ப் பிச்சைக்காரர்களை எல்லாம் திரட்டி, இதுதான் எங்கள் சொத்து என்கிறார். அபாரமான இடம். அடுத்து பணக்காரர்களின் நோய்ப் பட்டியல் வருகிறது: பேராசைக்காரனுக்குக் கை கோணியிருக்கிறதாம், பதவி வெறியனுக்குக் காய்ச்சலாம். அதிகாரிக்கு? மஞ்சள்காமாலை. லத்தீனில் அதற்கு ‘அரச நோய்’ என்று பெயர். குத்து சரியான இடத்தில் விழுகிறது.

ஆனால் அந்த ஏழைகள்? அவர்களின் ஊன்றுகோலும் புண்ணும் நமக்குத் துல்லியமாகத் தெரிகின்றன. குரல் மட்டும் கேட்பதில்லை. அதிகாரி கோயில் வாசலுக்கு வரும்போது பிச்சை கேட்கும் கூச்சல் எழுகிறது, அவ்வளவுதான். சொத்து என்றால் எண்ணிக் காட்டலாம். பேசவிட வேண்டியதில்லை போலிருக்கிறது.

12-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் புனித விக்டர் மடத்து ஆதாமின் பேரில் வழங்கும் பாட்டில், மீட்டிய நரம்பு, நசுக்கிய கடுகு, நெருப்பிலிட்ட சாம்பிராணி என்று வேதனையே இசையாகவும் மணமாகவும் மாறிவிடுகிறது. காதுக்கு இனிமை. கொடுங்கோலனாக அதில் விளிக்கப்படுபவன் டீசியஸ். அவன் 251-லேயே செத்துவிட்டான்! எதுகை சரியா இருந்தா வருஷத்தை யார் பார்க்கிறாங்க.

புருடென்ஷியஸும் ஒருகாலத்தில் மாகாணங்களை ஆண்ட அதிகாரிதான். பாட்டின் கடைசியில் தன்னை நாட்டுப்புறக் கவிஞன் என்று தாழ்த்திக்கொண்டு, என் வேண்டுதலைக் கேளும் என்று லாரன்சிடம் மன்றாடுகிறார். தனக்கென்று வரும்போது பேச்சு வந்துவிடுகிறது. அந்த வரிசையில் நின்றவர்கள் பிறகு வீடு திரும்பினார்களா, எங்கே போனார்கள் என்று அவர் கேட்கவே இல்லை.