உரைமரபும் இலச்சினை வாசிப்பும்: ரூபாய்க் குறியை முன்வைத்து

வடிவமைப்புப் பயிலும் மாணவர்க்கு இலச்சினைகளைப் பகுத்தாராயும் பயிற்சி அளிக்கப்படுகிறது. படத்தின் அருகே ‘எளிமை’, ‘சமநிலை’, ‘புதுமை’ என எழுதுவதே குறிப்புரை என்று கொள்ளப்படுவதும் உண்டு. எந்த இலச்சினைக்கும் பொருந்தும் இச்சொற்கள் எதனையும் விளக்குவதில்லை. இக்குறையைத் தமிழ் உரைமரபின் துணையால் நீக்கலாம் என்பதை இந்திய ரூபாய்க் குறியின்வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

காண்டிகையுரைக்கு நன்னூல் கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என்பனவற்றைச் சுட்டும். இவற்றை முறையே பொருத்திப் பார்க்கலாம்.

ரூபாய்க்குத் தனி அடையாளம் தருவதே குறியின் கருத்து. நடுவணரசின் நிதியமைச்சகம் 2009இல் அறிவித்த போட்டியில் தேர்வு பெற்று, 2010 சூலை 15 அன்று அமைச்சரவையின் ஏற்பைப் பெற்ற இதனை வடிவமைத்தவர் த. உதயகுமார். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தமிழ் எழுத்துருவியலை ஆய்ந்தவர் அவர் என்பது ஈண்டு நினையத்தக்கது.

பதப்பொருள் காணுமிடத்து, தேவநாகரி ரகரமும் செங்குத்துக் கோடு நீங்கிய உரோமன் ‘ஆர்’ எழுத்தும் இயைந்து நிற்றலும், மேற்பகுதியில் இரு கிடைக்கோடுகள் அமைதலும் புலனாகும். காட்டாக யூரோ, யென் குறிகளை நோக்கினால், இரட்டைக் கோடு நாணயக் குறிகளின் பொதுவழக்கென்பது விளங்கும்.

இனி வினா: இக்கோடுகளில் மூவண்ணக் கொடி தெரிகிறதா? குறியில் வண்ணமில்லை. இரு கோடுகளும் இடைவெளியும் கொடியை நினைவூட்டுவது விளக்கத்தைக் கேட்டபின்னரே. எனவே, வடிவில் காணப்படுவதையும் வடிவமைத்தோர் கூறுவதையும் மாணவர் வேறுபடுத்தி எழுதவேண்டும் என்பதே விடை.

இவ்வேறுபாட்டின் இன்றியமையாமை 2025 மார்ச்சில் வெளிப்பட்டது. தமிழ்நாட்டரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை இலச்சினையில் இக்குறிக்கு மாற்றாக ‘ரூ’ இடம்பெற்றது, விவாதம் எழுந்தது. குறியை ‘இந்தி எழுத்து’ எனல் வரிவடிவத்தையும் மொழியையும் ஒன்றெனக் கொள்வதாகும். புணேயின் போபோடியில் மராத்திப் பெயர்ப்பலகைகளிடையே வளரும் தமிழ் மாணவர்க்கு அவ்வடிவம் மராத்தி ரகரமாகவே முதலில் தோன்றும். அதேபோல், ‘ரூ’ என்பதைப் புதிய கண்டுபிடிப்பாகக் கருதுதலும் பொருந்தாது. தமிழ் எழுத்துவழக்கில் அது நெடுங்காலச் சுருக்கம். ௹ என்னும் தனிக்குறியும் தமிழில் உண்டு. ஆயினும், மும்மொழிக் கொள்கை குறித்த பூசல் நிகழ்ந்த வேளையில் செய்யப்பட்ட மாற்றத்திற்கு எழுத்து வடிவத்தை மட்டும் கொண்டு பொருள் கூறிவிட இயலாது. அவ்விடத்திற்கு இன்றியமையாத பிறவற்றையும் சேர்த்துரைக்கும் விருத்தியுரையே அங்குத் தேவைப்படுகிறது.

ஆகவே, மாணவரின் குறிப்புரையை மதிப்பிடும் ஆசிரியர், பாராட்டுச் சொற்களைக் கணக்கிடுவதை விடுத்து, ஒவ்வொரு கூற்றுக்கும் ‘இது கண்டதா, கேட்டதா, சூழலால் அறிந்ததா’ என வினவுதல் வேண்டும். செய்யுளுக்கு உரைகண்டோர் நமக்கு விட்டுச்சென்ற இவ்வொழுங்கு, ஓர் எழுத்தளவே நிற்கும் இலச்சினைக்கும் பொருந்துவதாம்.